சிவக்கக் கூடாத தட்டு

முதலில் வந்தது சத்தம்தான். நீரை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் முனை தட்டுக் குழியின் அடியில் பட்டபோது கரக் என்றது. மணல் விழுந்த சோற்றைக் கடித்த மாதிரி பல் கூசியது. மறுபடி மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் கரக். பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு, தட்டின் எண்ணை இன்னொரு தடவை படித்தேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு கரக்குக்கு இவள் ஏன் இந்தப் பாடு படுகிறாள் என்று தோன்றும். ஆபரேஷனில் வெட்டி எடுக்கிற குருத்தெலும்புத் துண்டுகள் எங்களிடம் வரும். மூட்டிலும் மூக்கிலும் காதிலும் இருக்கிற வழவழப்பான சமாச்சாரம். அதைக் கரைத்து, உள்ளே இருக்கும் செல்களைப் பிரித்து, பிளாஸ்டிக் புட்டியில் சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து வளர்ப்போம். பெருகியதும் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் பரப்புவோம். பாதிக் குழிகளுக்கு மட்டும் சத்து நீரோடு ஒரு பாஸ்பேட் உப்பு சேரும். அந்தச் செல்கள் வாரக்கணக்கில் தங்களைச் சுற்றி ஒரு கூழைச் சுரந்து, அதில் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்து, கடைசியில் எலும்பு போலவே ஒன்றைக் கட்டிவிடும். நசுங்கிய தாடைக்கு ஒட்டுப் போட என்றாவது இது உதவும் என்பது எங்கள் மேடத்தின் கனவு. அந்தக் கனவில்தான் எங்கள் எல்லோருக்கும் சம்பளம்.

மீதிக் குழிகளுக்கு உப்பு கிடையாது. அவை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவற்றுக்கு வேலை. அவை சும்மா இருந்தால்தான் மற்றவை எலும்பானது உப்பால்தான் என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல முடியும். கன்ட்ரோல் என்போம். இரண்டு பாதியிலும் ஒரே ஆரோக்கியமான ஆளின் செல்லைத்தான் வைப்பது வழக்கம்.

கரக் என்றது கன்ட்ரோல் குழி. அதில் இருந்தவை என் தம்பியின் செல்கள்.

எங்களுக்கு வருகிற துண்டுகளில் எண்தான் இருக்கும், பேர் இருக்காது. யாருடையது என்பது மேடத்தின் பூட்டிய அலமாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் தெரியும். ஆனால் தம்பிக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்த அன்று, ஐஸ் பெட்டியோடு தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தது நான்தான். அவன் பெயிண்டர். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து, முட்டிக்குள் ஒரு சில்லு பெயர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். எங்கக்காவுக்கு நான் ஒண்ணுமே வாங்கித் தந்ததில்ல, இதையாவது வச்சுக்கட்டும் என்று நர்ஸிடம் சொன்னானாம். அன்றைக்கு வந்த முட்டித் துண்டு அது ஒன்றுதான்.

பேர் இல்லாத குறையைத் தீர்க்க நாங்கள் புட்டிகளுக்குப் பட்டப்பேர் வைப்போம். இருக்கிறதிலேயே வேகமாகப் பெருகி, மூன்று பேர் சாப்பாட்டை ஒருத்தனாகத் தின்று தீர்க்கிற ஒரு பழைய புட்டிக்குப் பயில்வான் என்று பேர். புதிதாக வருகிறவர்களுக்குக் கைப்பழக்கம் வர அதைத்தான் கொடுப்போம், எந்தக் கசாப்புக் கையிலும் சாகாது. தம்பியின் புட்டிக்கு வந்த பேர் சோம்பேறி. அங்கங்கே நாலு செல் ஒட்டிக்கொண்டு, வளரட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். வீட்டில் அவனும் அப்படித்தான், காலையில் எழுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். ஒவ்வொரு தடவையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும்போது, டேய், எழுந்திருடா என்று என்னையும் அறியாமல் சொல்லிவிடுவேன். திடீரென்று ஒரு வாரம் சோம்பேறி எழுந்துகொண்டான். புட்டியை நிறைத்துவிட்டான். எனக்கு வந்த பூரிப்பைப் பார்த்து, பரீட்சையில் பாஸானது யார் வீட்டுப் பிள்ளை என்று சக்கர அண்ணன் கேட்டார்.

சக்கர அண்ணன் எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர். நாற்காலியை விட்டு இறங்காமல், காலால் தரையை உந்தி உந்தி அறை முழுக்க வலம் வருவதால் அந்தப் பேர். சக்கரம் வச்ச சேரை வாங்கிக் கொடுத்துட்டு நடன்னு சொன்னா எப்படி என்பார். காலையில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் வந்து, செல்லை எழுப்புகிறேன் என்று நடைவழியில் நடந்துகொண்டிருப்பார். அவர் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி வைத்திருப்பார். மேடம் பின்னால் வருவதைப் பார்த்து போனை ஒளித்துவைக்கத்தான் அது என்பது எங்கள் முடிவு. மனுஷர் தங்கமானவர். யார் புட்டி வாடினாலும் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி முகம் வாடிவிடும்.

கரக் சத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. செல்களைக் கெட்டிப்படுத்தி, கழுவி, சிவப்புச் சாயத்தை ஊற்றினேன். சுண்ணாம்புச் சத்து இருக்கிற இடத்தில் சாயம் பிடித்துக்கொள்ளும், இல்லாத இடத்தில் கழுவினால் போய்விடும். கழுவினேன். உப்புப் போட்ட குழிகள் சிவந்திருந்தன, அது சரி. தம்பியின் கன்ட்ரோல் குழிகளும் சிவந்திருந்தன. மறுபடி கழுவினேன். போகவில்லை. உப்பே கொடுக்காத செல்கள், தானாகவே, யார் சொல்லியும் கேட்காமல், எலும்பு கட்டியிருந்தன.

மேடம் பார்த்த பார்வை வேறு. தட்டைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏதோ தப்பு செய்திருப்பேன், உப்பை மாற்றி ஊற்றியிருப்பேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் உப்புப் புட்டியை அளந்தார், மிச்ச சத்து நீரைச் சோதிக்கச் சொன்னார். அதில் உப்பு இல்லை. அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை அவருக்கு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு செல்லைப் பார்த்ததில்லை, இந்த ஆளைக் கண்டுபிடித்து ரத்தம் எடுக்க வேண்டும், முதுகெலும்பைப் படம் பிடிக்க வேண்டும், ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன் என்றார். அந்த மனுஷன் உடம்புக்குள்ள என்ன நடக்குதோ, பாவம் என்று கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டார்.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை செய்து பார்த்துவிடலாம் மேடம், ஒரே தட்டை நம்பி ஒரு ஆளைப் பயமுறுத்தக் கூடாது என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. சரி, ஆனா சீக்கிரம் என்றார்.

என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், எங்கள் மாமா. விறைப்பு மாமா என்றுதான் நாங்கள் சொல்வோம். யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்ப மாட்டார், குனிந்து ஒரு குழந்தையைக் கொஞ்ச மாட்டார். தலைக்கனம் என்று ஊரே சொன்னது. எங்கள் அப்பா இறந்த அன்று வந்தார். எல்லோரும் குனிந்து கடைசியாக முகம் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மரம் மாதிரி நின்றுவிட்டுப் போனார். செத்தவருக்கும் இவன் தலை வணங்க மாட்டானா என்று அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினாள். அதன் பிறகு பேசவே இல்லை. பல வருஷம் கழித்து அவர் தடுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்பில் தனித்தனியாக இருக்க வேண்டிய எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கம்பாகியிருந்தன. இவரால குனிய முடியாதே, உங்க யாருக்கும் தெரியாதா என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு ராத்திரியே மாமா போய்விட்டார். அவர் பேரை எடுத்தாலே அம்மா இன்றைக்கும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த நோய் குடும்பத்தில் இறங்கலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். மாமாவின் மருமகனின் செல், உப்பில்லாமல் எலும்பு கட்டுகிறது. கூட்டிக் கழித்துப் பார்க்க நான் பெரிய படிப்பெல்லாம் படித்திருக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தம்பியைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் சாதாரணப் பார்வை இல்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கழுத்தை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். நாள் பூரா மேலயே பாத்து அடிச்சா கழுத்து என்ன ஆகும் என்றான்.

சாப்பிடும்போது கரண்டியை வேண்டுமென்றே கீழே போட்டேன். எடுத்துக் கொடுடா என்றேன். குனிந்து எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் கழித்து மூடியைப் போட்டேன். அதையும் எடுத்தான். மூன்றாவதாக டம்ளர் விழுந்தபோது, உனக்கு என்ன கையில வாதமா என்று கேட்டான். பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்புகிறானா என்று. திரும்பினான், ஆனால் ஆ என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்லம்மா என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லையே, நானே ஏன் ஒண்ணுமில்லை என்று சொல்ல வேண்டும்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான்.

ஆய்வகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்தத் துண்டு வந்தாலும், செல்களைப் பிரித்த கையோடு கொஞ்சத்தை உறையவைத்துவிடுவோம். தம்பியின் செல்லும் ஒரு குப்பியில், திரவ நைட்ரஜன் தொட்டியில், புகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்து உருக்கி, புதுப் புட்டியில் போட்டேன். என் கையே எனக்கு அன்னியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் செல்லுக்காகப் பயந்திருக்கிறேன், சாகாமல் இருக்க வேண்டுமே என்று. செல்லைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு காத்திருப்பு. எலும்பு அவசரப்படுத்தினால் வராது. சத்து நீரை மாற்றுவேன், மூடுவேன், வீட்டுக்குப் போவேன், தம்பியின் முதுகைப் பார்ப்பேன். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த மைக்ரோஸ்கோப் வேறு எனக்கு எட்டாது. சக்கர அண்ணன் அதன் அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கி உயரத்தில் வைத்திருப்பார். நான் நுனிக்காலில் நின்று, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே பார்ப்பேன்.

பயம் ஆளை அசடாக்கும். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கழுத்தைப் பார்ப்பேன். தெருவில் குனிந்து செருப்பு மாட்டுகிறவர்களைக் கண்டால் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் கனவில் தம்பி கூரைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான், வேலை முடிந்து தலையை இறக்கப் பார்க்கிறான், முடியவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு அக்கா அக்கா என்கிறான். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல், வேலைக்கு லீவு போடவைத்து, எலும்பு டாக்டரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். முட்டியைக் காட்டத்தான் என்று பொய் சொன்னேன். டாக்டர் அவனைக் குனியச் சொன்னார், திரும்பச் சொன்னார், சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார், படம் எடுத்தார். ஒன்றும் இல்லை, தசைப் பிடிப்பு, வேலைக்கு நடுவில் ஓய்வு எடுக்கச் சொல்லுங்கள் என்றார். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். வெளியே வந்ததும், மாமாவை நெனச்சுப் பயந்தியாக்கா என்று கேட்டான். நான் செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நானும் பயந்திருக்கேன், ஆனா எனக்கு ஒண்ணும் இல்லக்கா என்றான். சோம்பேறி என்று நினைத்தால் எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

எனக்கு அப்போதும் நெஞ்சு ஆறவில்லை. மாமாவுக்கும் இளவயதில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். தட்டு சிவந்தது சிவந்ததுதானே.

கடைசியில் இரண்டாவது தட்டுக்குச் சாயம் ஊற்றும் நாள் வந்தது. மேடம் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சக்கர அண்ணன் மட்டும் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்ப் புட்டியோடு தன் மேஜையில் இருந்தார். அவர் எப்போதும் குழல் போட்டுத்தான் குடிப்பார். குழந்தைக்குப் பால் புட்டி கிடைக்கவில்லையா என்று நாங்கள் கேலி செய்வோம். நான் தனியாகப் பார்க்கப் பயந்து, அண்ணா, கொஞ்சம் பக்கத்துல வாங்க என்றேன். உந்திக்கொண்டு வந்து சேர்ந்தார்.

சாயத்தை ஊற்றினேன். காத்திருந்து கழுவினேன். உப்புக் குழிகள் நல்ல சிவப்பு. கன்ட்ரோல் குழிகள் பளிச்சென்று வெளுத்திருந்தன. ஒரு புள்ளி சிவப்பு இல்லை. பிப்பெட் முனையால் தொட்டேன், சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். அண்ணன் பதறிப்போய் என்னம்மா, என்னம்மா என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். இது என் தம்பியுடையது, மாமா கதை இது, இத்தனை வாரமாக நான் தூங்கிய லட்சணம் இது என்று சொல்லி முடித்தேன்.

அழுகை நின்றதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பழைய தட்டை எடுத்து வந்து புதுத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். ஒரே எண். ஒரே ஆளின் செல். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அப்படி இருக்க முடியாது. இரண்டில் ஒன்று தம்பியுடையது இல்லை. குப்பியிலிருந்து எடுத்தது நேராக முட்டியிலிருந்து வந்தது, அதில் யார் கையும் படவில்லை. மறுபடி வளர்க்கும்போதும் பழைய சோம்பேறித்தனத்தோடுதான் வளர்ந்தது. அப்படியென்றால் முதல் புட்டியில் திடீரென்று எழுந்துகொண்டது யார்?

அண்ணன் முகத்தில் அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. ஜாடியை உடைத்த பிள்ளை மாதிரி இருந்தார்.

"திட்ட மாட்டேன்னா சொல்றேன்" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"நீ அந்தப் புட்டியைப் பாத்து டேய் டேய்ன்னு பேசுவியே. உன் தம்பிதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். வாடிப்போய்க் கெடந்துச்சு. நீயும் வாடிக் கெடந்த. மனசு கேக்கல. பயில்வானோட எச்சில்ல கொஞ்சம் எடுத்து ஊத்தினேன்."

எச்சில் என்பது எங்கள் பேச்சு வழக்கு. நன்றாக வளரும் செல்கள் தின்று மிச்சம் வைத்த சத்து நீரில், அவை சுரந்த நல்லது பலதும் இருக்கும். அதில் கொஞ்சத்தை வாடிய புட்டிக்கு ஊற்றினால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. ஊற்றுவதற்கு முன் நுண்ணிய வடிகட்டியில் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கும் செல் ஒன்றிரண்டு கூடவே போய்விடும்.

"வடிகட்டினீங்களா?"

"வடிகட்டி தீந்துபோயிருந்துச்சும்மா. செல்லெல்லாம் அடியில இறங்கட்டும்னு மிஷின்ல போட்டுச் சுத்தி, மேலாப்புல எடுத்தேன். போதும்னு நெனச்சேன்."

போதவில்லை. பயில்வான் வீட்டு ஆட்கள் நாலு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். தின்று, பெருகி, என் தம்பியை ஓரம் கட்டிவிட்டுப் புட்டியையே பிடித்துக்கொண்டார்கள். நான் பூரித்துப்போய்ப் பார்த்த அந்த வாரம் நடந்தது அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நல்ல மனசுக்காரரை அடிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. அவரும் சிரித்தார்.

"பாத்தியா, எம் பிள்ளைங்க உன் தம்பியையே முழுங்கிடுச்சுங்க."

"உங்க பிள்ளைங்களா? அது பழைய ஸ்டாக்குன்னு சொன்னீங்களே."

அவர் விரலால் தன் மூக்கைத் தட்டிக் காட்டினார். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று சில வருஷத்துக்கு முன் ஆபரேஷன் செய்துகொண்டாரே, அந்தத் துண்டு. வீணாகப் போகிறதே என்று டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்து, சொல்லாமல் வளர்த்திருக்கிறார். புதுப் பசங்களின் பழக்கத்துக்குத்தானே, எந்தத் தட்டிலும் ஏறப் போவதில்லை என்று ஸ்டாக் என்று பேர் வைத்துவிட்டார். ஆய்வகத்திலேயே நன்றாக வளர்வது தன் மூக்குத்தான் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரே பெருமை.

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சிவந்த தட்டு அங்கேயே இருந்தது. உப்பே கொடுக்காத குழியில் தானாக எலும்பு கட்டிய செல். தம்பியுடையது இல்லை என்று நான் அழுது முடித்த செல். அது யாருடையது என்று நான் ஒரு நொடி யோசித்திருக்கவில்லை. எனக்கு வேண்டியவனுடையது இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது அந்த ஆள் என் முழங்கை படுகிற தூரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்த்தேன். கூட வேலை செய்த இத்தனை காலத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நடக்காமல் உந்தி வரும் நாற்காலி. சுவரில் கண்ணாடி. அண்ணாந்து குடிக்காத தண்ணீர். குனிய வேண்டாதபடி உயர்த்திவைத்த மைக்ரோஸ்கோப். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, செல்லை எழுப்புகிறேன் என்று நடைவழியில் மேலும் கீழும் நடப்பது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு கேலி வைத்திருந்தோம். பாதிக் கேலியை அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். வீட்டில் மாமாவைத் தலைக்கனம் என்றோம், இங்கே இவரைச் சக்கரம் என்றோம்.

"அண்ணா, பின்னாடி கதவு சாத்தியிருக்கா பாருங்க."

அவர் கண்ணை உயர்த்தித் தன் மேஜைப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சாத்தித்தான் இருக்கு என்றார்.

"கண்ணாடி வேணாம். திரும்பிப் பாருங்க."

காலால் தரையை உந்தினார். நாற்காலி திரும்ப ஆரம்பித்தது. நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினேன்.

"சேர் இல்லாம, அண்ணா. கழுத்தை மட்டும்."

"என்னம்மா இது, போலீஸ்காரங்க மாதிரி" என்று சிரித்துக்கொண்டே திரும்பப் பார்த்தார். தோள் வந்தது, இடுப்பு வந்தது, முகம் தோளோடுதான் வந்தது. பிடித்திருந்த நாற்காலி என் கைக்குள் முறுகியது. இன்னொரு தடவை முயன்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"காலையிலதான் கொஞ்சம் இப்படி இருக்கும். நடந்தாச் சரியாயிடும்" என்றார். அப்போது மதியம்.

மேஜையில் இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் என்றால் என்ன என்று எனக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நாற்காலியை முழுக்கத் திருப்பாமல், தலையை அசைக்காமல், கையை மட்டும் நீட்டிச் சிவந்த தட்டைத் தொட்டார்.

"அப்ப இது என்னோடது" என்றார்.

தட்டு எதையும் தீர்த்துச் சொல்லாது, தட்டு வேறு உடம்பு வேறு, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், இப்போது மருந்தெல்லாம் இருக்கிறது, சீக்கிரம் போனால் தடுத்து நிறுத்தலாம் என்று தம்பிக்காக நான் கேட்டு வைத்திருந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன். நாளைக் காலையில் அதே டாக்டரிடம் போகிறோம், நானும் வருகிறேன் என்றேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. தட்டின் மேலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உன் தம்பிக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லண்ணா."

"நல்லதும்மா" என்றார். அதைச் சொல்லும்போது நிஜமாகவே அவருக்கு நிம்மதியாக இருந்தது, குரலில் தெரிந்தது. பிறகுதான் அந்தக் குரல் உடைந்தது.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

அவர் என்னைப் பார்க்க நினைத்துக் கண்ணாடியில் தேடினார். நான் நாற்காலியை விட்டேன். அவர் திரும்பாமலே பார்க்கக்கூடிய இடத்துக்கு வந்து, நேர் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.